சயாம் ரயிலில் ஒரு கரமனைக்காரன்

ஓய்வு பெற்றபின் தனியாகவே சிங்கப்பூர், பினாங்கு, பாங்காக் என்று சுற்றி வந்தேன். கரமனையில் எல்லோரும் விசாரிப்பது பாங்காக் கோயில்களையும் சாப்பாட்டையும்தான். (பல வேளைகளில் வாழைப்பழம்தான் காப்பாற்றியது!) என் மனம் நின்றதோ காஞ்சனபுரியில்.

தோன்புரி ஸ்டேஷனில் ரயில் ஏறினேன். மீட்டர் கேஜ்! மதுரை டிவிஷனில் என் இளமை கழிந்த பாதை. க்வாய் ஆற்றுப் பாலத்தின் வளைந்த கர்டர்கள் ஜாவாவிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்தவை. குண்டுவீச்சில் விழுந்தவற்றுக்குப் பதிலாக வைத்த இரண்டு மட்டும் வேறு வடிவம். அப்பால், பாறையை ஒட்டிய மரப்பாலத்தில் வண்டி ஊர்ந்தது.

மலைக்காட்டில் 415 கிலோமீட்டர் பாதை. 1942 நடுவில் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்துவிட்டார்கள். என்ஜினீயராக வியந்தேன், அந்த வியப்புக்காக வெட்கமும் பட்டேன். மலாயா தோட்டங்களிலிருந்து ஜப்பானியர் கொண்டுபோன தமிழர்கள் காலராவிலும் பட்டினியிலும் ஆயிரக்கணக்கில் மடிந்த பாதை அது.

போர்க் கல்லறைத் தோட்டத்தில் ஏறக்குறைய 7,000 சிப்பாய்களுக்கு இடம் உண்டு. தோட்டத் தொழிலாளிக்கு அங்கே ஒரு கல்லும் இல்லை. எங்கள் ரயில்வேயில் ஒரு ஃபிஷ்பிளேட் குறைந்தாலே ஸ்டோர்ஸுக்கு விளக்கம் எழுத வேண்டும்!

நம் சங்கக் குடும்பங்களில் மலாயா உறவு உள்ளவர்கள் இருக்கலாம். 'சயாமுக்குப் போனவர் திரும்பவில்லை' என்று உங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாரையாவது சொன்னதுண்டா? அவர் பெயரை எழுதி அனுப்புங்கள்.