காலையில் சுவிற்சர்லாந்து, நண்பகலில் இத்தாலி!

காலையுணவைச் சுவிற்சர்லாந்தில் முடித்து, நண்பகலுணவை இத்தாலியில் உண்டு, அந்தி சாயுமுன் மீண்டும் சுவிற்சர்லாந்துக்கே வந்து சேர்வதென்றால், அது சொந்த விமானம் வைத்திருக்கும் செல்வருக்கே கைகூடும் என்று எண்ணத் தோன்றும். ஆயினும், அல்ப்ஸ் மலைத்தொடரிலுள்ள செர்மாற் என்னும் ஊரில் இஃது அன்றாட நிகழ்ச்சியாகும். கால்களில் சறுக்குப் பலகைகளைப் பூட்டிக்கொண்ட பள்ளி மாணவனும் இதனைச் செய்துவிடுகிறான்.

செர்மாற், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,600 மீற்றர் உயரத்திலுள்ள சுவிஸ் மலையூர். புகையிரதம் 1891ஆம் ஆண்டிலேயே இங்கு வந்துவிட்டது. பிரயாணிகள் தங்கள் மோட்டார் வண்டிகளை அடுத்த ஊரில் விட்டுவிட்டே வரவேண்டும். ஊருக்குள் ஓடுபவை சிறு மின்சார வண்டிகளே. ஊரின் மேலே 4,478 மீற்றர் உயரத்துக்குக் கூர்ங்கோபுரம்போல் நிமிர்ந்து நிற்கிறது மற்றர்ஹோர்ன் சிகரம். இத்தாலியர் அதனைச் செர்வீனோ என்பர். மலை ஒன்று, பெயர் இரண்டு. அதன் உச்சியின் மேலாகவே செல்கிறது இரு நாடுகளின் எல்லை.

இச்சிகரத்தை முதலில் எட்டுவதற்கு இரு பக்கத்தாரும் போட்டியிட்ட காலமும் உண்டு. 1865 யூலை 14ஆம் நாள், எட்வேட் விம்பர் என்னும் ஆங்கிலேயரும் துணைவர் அறுவரும் சுவிஸ் பக்கமாக ஏறி வென்றனர். இறங்கும்போது அவர்களுள் நால்வர் வீழ்ந்து மாண்டனர். மூன்று நாட்களின் பின், இத்தாலியப் பக்கமாக ஏறிய கரெல் என்பவரின் குழுவும் உச்சியை அடைந்தது.

இன்று பிரயாணிக்கு அத்தகைய இன்னல் இல்லை. கம்பிவடத்தில் தொங்கிச் செல்லும் வண்டிகள் அவரை 3,883 மீற்றர் உயரமுள்ள கிளைன் மற்றர்ஹோர்ன் என்னும் முடிக்கு ஏற்றிவிடுகின்றன. நமது பிதுருதாலகாலையின் உயரம் 2,524 மீற்றர் என்பதை நினைத்தால் அவ்வுயரம் விளங்கும். காற்று அங்கே ஐதாயிருப்பதால், விரைந்து நடப்பவருக்கு மூச்சு வாங்கும், தலையும் சுற்றும். அங்கிருந்து தியோடுல் பனியாற்றின் மீது சறுக்கி இறங்கினால், 3,480 மீற்றர் உயரத்தில் எல்லை வருகிறது. மதிலும் இல்லை, வேலியும் இல்லை. 2008ஆம் ஆண்டில் சுவிற்சர்லாந்து செங்கன் உடன்படிக்கையில் இணைந்தபின், வழமையான கடவுச்சீட்டுப் பரிசோதனையும் நீங்கிற்று. ஆயினும், அடையாளப் பத்திரத்தைச் சட்டைப்பையில் வைத்திருத்தலே முறை. மேலும் இறங்கினால், 2,050 மீற்றரில் உள்ள செர்வீனியா என்னும் இத்தாலிய ஊரை அடையலாம். அங்கே பிராங்க் போய் யூரோ வருகிறது. ஜெர்மன் மொழி போய் இத்தாலியமும் பிரெஞ்சும் செவியில் விழுகின்றன. சறுக்கத் தெரியாதவர்களும் எல்லையைக் கடக்கும் வண்ணம், 2023ஆம் ஆண்டில் இம்முடிக்கும் எல்லைக்குமிடையே புதிய தொங்குவண்டிப் பாதை திறக்கப்பட்டது.

ஒன்றை மட்டும் மறத்தலாகாது. பலத்த காற்று வீசினால் வண்டிகள் நின்றுவிடும். மாலையில் இறுதி வண்டியைத் தவறவிட்டாலும் அதே கதிதான். மேலே ஒரு கூப்பிடு தூரம்போல் தோன்றிய செர்மாற்றுக்கு, மலைகளைச் சுற்றிப் பல மணிநேரம் வீதி வழியாகச் செல்ல நேரிடும்.

இனி, இந்த எல்லை எவ்வாறு வகுக்கப்பட்டது என்பதைக் காண்போம். மனிதர் அதனைப் பெரும்பாலும் நீரைக் கொண்டே வகுத்தனர். உருகும் நீர் வடக்கே ஓடி ரோன் நதியிற் சேர்ந்தால் அந்நிலம் சுவிற்சர்லாந்து. தெற்கே ஓடிப் போ நதியிற் சேர்ந்தால் இத்தாலி. பனியால் மூடப்பட்ட இடங்களில், பனியின் முகடே நீரைப் பிரிக்கும் மேடாயிற்று. பனி கரைய, முகடு இடம்பெயர்ந்தது; முகட்டோடு எல்லையும் பெயர்ந்தது. 1984ஆம் ஆண்டில் இத்தாலிய மண்ணிலே கட்டப்பட்ட மலைவிடுதியொன்றின் பெரும்பகுதி, தான் நின்ற இடத்தில் நின்றபடியே, சுவிஸ் பக்கம் சேர்ந்துவிட்டதாக அளவைக்காரர் கண்டனர்! இரு நாட்டாரும் கைகலக்கவில்லை. கூடிப் பேசி, 2023ஆம் ஆண்டில் எல்லைத் திருத்தத்துக்கு இணங்கினர். மறு ஆண்டு செப்டெம்பரில் சுவிஸ் அரசாங்கம் அதற்கு ஒப்புதல் அளித்தது.

நிலத் தகராறு இவ்வாறு பேச்சிலே தணிந்தது. ஆனால், பனியின் தேய்வு பேச்சுக்குக் கட்டுப்படுவதன்று. 2022, 2023 ஆகிய இரண்டே ஆண்டுகளில் சுவிற்சர்லாந்தின் பனியாறுகள் தம் கனவளவில் ஏறத்தாழப் பத்திலொரு பங்கை இழந்தன. கோடையிலும் சறுக்கு விளையாட்டுக்குப் பேர்போன தியோடுல் பனியாற்றிலேயே, 2022ஆம் ஆண்டுக் கோடையில், வெப்ப மிகுதியால் விளையாட்டை இடைநிறுத்த நேர்ந்தது. அங்கு உருகும் நீர் மலையடிவாரத்து வயல்களுக்கும் நகரங்களுக்கும் வேனிற்காலத்தில் உதவும் நீராகும். பனி அற்றுப்போகுமாயின், சறுக்குவோர் தம் விளையாட்டைத்தான் இழப்பர். கீழே ஆற்றங்கரையில் வாழும் உழவனோ வரட்சிக் காலத்தில் தன் வயலுக்குப் பாய வேண்டிய நீரையே இழப்பான்.