கோல்ட் சிங்கிள் ஆக்சன் ஆர்மி ரிவால்வர்: அடையாளம் காணலும் சேகரிப்பும்

கோல்ட் சிங்கிள் ஆக்சன் ஆர்மி என்பது அமெரிக்காவின் கனெடிகட் மாநிலத்தில் உள்ள ஹார்ட்ஃபோர்ட் நகரில் கோல்ட் நிறுவனம் 1873 முதல் தயாரித்த, ஆறு தோட்டாக்கள் கொள்ளும் சுழல் கைத்துப்பாக்கி (ரிவால்வர்) ஆகும். ஒவ்வொரு முறை சுடுவதற்கு முன்பும் சுத்தியலைக் கட்டை விரலால் பின்னுக்கு இழுத்து நிறுத்த வேண்டும். விசையை அழுத்துவது சுத்தியலை விடுவிக்கும் ஒரே வேலையை மட்டும் செய்வதால் இது ‘சிங்கிள் ஆக்சன்’ எனப்பட்டது. ‘பீஸ்மேக்கர்’ என்பது இதன் புகழ்பெற்ற மறுபெயர்.

பழைய துப்பாக்கி சேகரிப்போரிடையே மிகவும் விரும்பப்படுவதும், அதே காரணத்தால் மிகுதியாகப் போலி செய்யப்படுவதும் இந்த ரிவால்வரே. ஆகவே பழைய துப்பாக்கி ஒன்றை எவ்வாறு ஆராய்வது என்பதற்கு இது சிறந்த எடுத்துக்காட்டாகும்.

வரலாறு

வில்லியம் மேசன் வடிவமைப்பில் முக்கியப் பங்காற்றினார். அமெரிக்க இராணுவம் 1873இல் இதைத் தேர்ந்தெடுத்து, 1890களின் தொடக்கம் வரை சுமார் 37,000 துப்பாக்கிகளை வாங்கியது. பொதுமக்களுக்கும் தாராளமாக விற்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரையொட்டி உற்பத்தி நின்றபோது வரிசை எண் 3,57,000ஐத் தாண்டியிருந்தது. இவை ‘முதல் தலைமுறை’ எனப்படுகின்றன. 1956இல் உற்பத்தி மீண்டும் தொடங்கியது. அந்த ‘இரண்டாம் தலைமுறை’யில் வரிசை எண்ணுக்குப் பின் ‘எஸ்.ஏ.’ என்னும் எழுத்துகள் சேர்க்கப்பட்டன. 1976 முதல் வந்தவை ‘மூன்றாம் தலைமுறை’.

அடையாளம் காணும் முறை

வரிசை எண்: சட்டகத்தின் அடிப்பகுதி, விசைக்காப்பு, கைப்பிடியின் பின்பட்டை ஆகிய மூன்று இடங்களிலும் ஒரே எண் இருக்க வேண்டும். தொடக்கக் காலத் துப்பாக்கிகளில் குழலிலும் உருளையிலும்கூட எண் பொறிக்கப்பட்டது. தயாரிப்பு ஆண்டை அறிய முதல் துணை இந்த எண்ணே.

சட்டகம்: தொடக்கக் காலத் துப்பாக்கிகளில் உருளையின் அச்சுக்கம்பியைச் சட்டகத்தின் முன்புறத்தில் உள்ள ஒரு திருகு பிடித்திருக்கும். இது ‘கரும்பொடிச் சட்டகம்’ எனப்படுகிறது. 1890களில் இதற்குப் பதிலாகப் பக்கவாட்டில் அழுத்தும் வில் தாழ் வந்தது. புகையில்லா வெடிமருந்துக்கு ஏற்றது என்று கோல்ட் நிறுவனம் உறுதியளித்தது 1900 முதல்தான். எனவே அதற்கு முந்தைய துப்பாக்கிகளில் இன்றைய தோட்டாக்களைச் சுடுவது ஆபத்தானது.

காப்புரிமை நாள்கள்: சட்டகத்தின் இடப்புறத்தில் 1871, 1872 ஆகிய ஆண்டுகளின் நாள்கள் காணப்படும். 1875ஆம் ஆண்டு நாள் பின்னர் சேர்க்கப்பட்டது. அந்த நாள் உள்ள சட்டகத்தில் 1873க்குரிய வரிசை எண் இருந்தால் ஐயம் கொள்ள வேண்டும்.

குழலும் கைப்பிடியும்: குதிரைப்படைக்கு வழங்கியவற்றின் குழல் 7½ அங்குலம். 5½, 4¾ அங்குலக் குழல்களும் பரவலாக விற்றன. இராணுவத் துப்பாக்கிகளின் கைப்பிடி ஒரே துண்டு வால்நட் மரத்தால் ஆனது. கழுகு உருவம் பதித்த கடின ரப்பர் கைப்பிடிகள் 1880களில் வந்தவை.

இராணுவ முத்திரைகள்

அரசு வாங்கியவற்றின் சட்டகத்தில் ‘யு.எஸ்.’ என்று பொறித்திருக்கும். ஆய்வாளரின் முதலெழுத்து உறுப்புகளிலும், அவரது பெயர் முத்திரை மரக் கைப்பிடியிலும் இருக்கும். முதல் ஆண்டுகளில் ஆய்வு செய்தவர் ஆர்வில் எயின்ஸ்வொர்த். 1876 ஜூனில் லிட்டில் பிக்ஹார்ன் போரில் கஸ்டரின் 7ஆம் குதிரைப்படை ஏந்தியது இந்த வகைத் துப்பாக்கியே. இதனால் எயின்ஸ்வொர்த் முத்திரை உள்ளவற்றுக்கு விலை மிக அதிகம். சாதாரணப் பொதுமக்கள் துப்பாக்கியில் ‘யு.எஸ்.’ என்று புதிதாகப் பொறித்து விற்கும் மோசடியும் இதனாலேயே நடக்கிறது.

எண்கள் பொருந்தாமை எப்போதும் போலிக்கு அடையாளம் அன்று. 1890களின் நடுவில் இராணுவம் பழைய குதிரைப்படைத் துப்பாக்கிகளைப் பிரித்து, குழலை 5½ அங்குலமாக வெட்டி, கைக்குக் கிடைத்த உறுப்புகளை எண் பாராமல் பூட்டியது. ‘ஆர்ட்டிலரி’ வகை எனப்படும் இவற்றில் பெரும்பாலானவற்றில் எண்கள் கலந்தே இருக்கும். ரினால்டோ காரின் ‘ஆர்.ஏ.சி.’ முத்திரை இவற்றில் காணப்படும். இத்தகைய துப்பாக்கிக்கு ‘பொருந்திய’ உறுப்புகளைத் தேடிப் பூட்டி, குழலையும் மாற்றினால், உண்மையான ஒரு வரலாற்றுப் பொருள் அழிந்து பொய்யான ஒன்று உருவாகும்.

மேற்பூச்சு

முதலில் குழலும் உருளையும் நீல நிறம் ஏற்றப்பட்டவை. சட்டகம் எலும்புக் கரியோடு சூடாக்கிக் குளிர்வித்ததால் நீலமும் பழுப்பும் கலந்த வண்ணம் பெற்றது. காலப்போக்கில் இவை மங்கிப் பழுப்பாகும். பலர் இதை அழுக்கு என்று எண்ணித் தேய்த்துப் பளபளப்பாக்கிவிடுகின்றனர். அதனால் எழுத்துகள் ஆழம் குறைகின்றன, விளிம்புகள் மழுங்குகின்றன, திருகுத் துளைகளின் ஓரம் குழிகிறது. விலையும் பெருமளவு சரிகிறது. துருவைத் தடுக்க மெல்லிய எண்ணெய்ப் பூச்சே போதுமானது. தோல் உறையிலேயே நீண்ட நாள் வைத்தால் ஈரம் தங்கித் துரு ஏறும்.

நகல்கள்

இத்தாலியில் தயாரான நகல்கள் ஏராளம். சிலவற்றில் தயாரிப்பாளர் பெயரை அழித்து, செயற்கையாகப் பழுப்பேற்றி விற்கின்றனர். அந்நாட்டுச் சோதனை முத்திரைகளோ அவற்றை அரித்தெடுத்த தடமோ சட்டகத்தில், உருளையில், குழலின் அடியில் உள்ளனவா என்று பார்க்க வேண்டும்.

ஆவணச் சான்று

வரிசை எண்ணைத் தந்தால் கோல்ட் நிறுவன ஆவணக் காப்பகம் கட்டணம் பெற்றுக்கொண்டு கடிதம் வழங்கும். துப்பாக்கி தொழிற்சாலையை விட்டுச் சென்ற நாள், தோட்டா அளவு, குழல் நீளம், பெற்ற வணிகர் முதலியவை அதில் இருக்கும். ஆனால் அந்த எண்ணுடன் அன்று வெளியேறியது என்ன என்பதை மட்டுமே கடிதம் கூறும். கையில் இருப்பது மாற்றப்படாத அதே துப்பாக்கியா என்பதை முத்திரைகளே கூற வேண்டும்.

ஷெரிஃப் பாட் காரெட் 1881இல் பில்லி த கிட் என்னும் கொள்ளையனைச் சுட்டது இவ்வகைத் துப்பாக்கியால்தான். அது பின்னர் எல் பாசோவில் ஒரு மதுக்கடைக்காரரிடம் இருந்தது. அவர் இறந்தபின் காரெட்டின் மனைவி வழக்காடி அதை மீட்டார். 2021இல் பான்ஹாம்ஸ் ஏலத்தில் அது 60 இலட்சம் டாலருக்கும் மேல் விலைபோனது. அதே வகையில், அதே காலத்தில் செய்யப்பட்ட, வரலாறு தெரியாத துப்பாக்கிக்கு இதில் சிறு பங்கும் கிடைக்காது.

சட்ட நிலை

அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி 1898 அல்லது அதற்கு முன் செய்யப்பட்டவை தொல்பொருள் துப்பாக்கிகள். இவ்வகையில் வரிசை எண் ஏறத்தாழ 1,82,000 வரை அதில் அடங்கும். மாநிலச் சட்டங்கள் வேறுபடலாம்.

இந்தியாவில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 45ஆம் பிரிவு, பழைமை மதிப்புள்ள ஆயுதத்துக்கு விலக்கு தருகிறது. ஆயினும் பழுதுபார்த்தாலும் சுட இயலாத நிலையில் அது இருக்க வேண்டும். சுடக்கூடிய ரிவால்வர் எவ்வளவு பழையதாயினும் உரிமம் தேவை. ஆகவே பாட்டனார் பெட்டியிலிருந்து இத்தகைய துப்பாக்கி கிடைத்தால், தேய்க்காமலும் திருகைக் கழற்றாமலும் முதலில் காவல் நிலையத்துக்குத் தெரிவிப்பதே முறை.