டயாலிசிஸ் செய்துகொள்பவரா? உங்கள் இருதயத்தையும் காத்துக்கொள்ளுங்கள்

டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்குச் சிறுநீரகத்தைப் போலவே இருதயத்திலும் கவனம் தேவை. மலேசியாவில் டயாலிசிஸ் நோயாளிகளின் இறப்புக்கு இருதய நோய் ஒரு முக்கியக் காரணமாகும்.

இரத்த அழுத்தம் ஏன் உயர்கிறது?

ஆரோக்கியமான சிறுநீரகங்கள் தேவைக்கு அதிகமான உப்பையும் நீரையும் இரவு பகலாக வெளியேற்றுகின்றன. அவை செயலிழந்தால், அடுத்த டயாலிசிஸ் வரை உப்பும் நீரும் உடலிலேயே தங்கிவிடும். இதனால் இரத்தக் குழாய்களில் அழுத்தம் கூடுகிறது.

இருதயத்திற்கு என்ன நேர்கிறது?

இந்த அழுத்தத்தை எதிர்த்து இரத்தத்தை வெளியேற்ற, இருதயத்தின் இடது கீழறை கடுமையாக உழைக்கிறது. நாளடைவில் அதன் தசை தடித்து விறைப்பாகிறது. இதனால் இருதயச் செயலிழப்பு, சீரற்ற துடிப்பு, மாரடைப்பு ஆகியவை ஏற்படலாம். தொடக்கத்தில் பெரும்பாலும் எந்த அறிகுறியும் தெரியாது.

நீங்கள் செய்ய வேண்டியவை

• உப்பைக் குறையுங்கள். பிரிக்பீல்ட்ஸ் கடையில் வாழையிலைச் சாப்பாடு சாப்பிட்டாலும், கிள்ளானில் வீட்டில் சமைத்தாலும், ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர் மிளகாய் ஆகியவற்றைத் தவிர்க்கவும். உப்பு கூடினால் தாகமும் கூடும். 'சோடியம் குறைந்த உப்பு' வேண்டாம். அதில் பொட்டாசியம் இருக்கக்கூடும். அது இருதயத் துடிப்பைப் பாதிக்கும்.

• நீரை அளந்து குடியுங்கள். ரசம், மோர், தே தாரிக், ஐஸ் கட்டி எல்லாமே நீர்க் கணக்கில் சேரும். உடலில் தங்கும் 1 லிட்டர் நீர், எடையில் 1 கிலோவாகத் தெரியும்.

• உங்கள் உலர் எடையைத் தெரிந்துகொள்ளுங்கள். கூடுதல் நீர் நீங்கியபின் இருக்க வேண்டிய எடை அது. தினமும் காலையில் எடை பாருங்கள்.

• டயாலிசிஸைத் தவறவிடாதீர்கள். தீபாவளியோ பத்துமலைத் தைப்பூசமோ, இடைவெளி நீண்டால் இருதயத்தின் சுமை கூடும். மாற்று நாள் தேவைப்பட்டால் மையத்தில் முன்கூட்டியே கேளுங்கள்.

• மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். டயாலிசிஸ் நாளில் எப்போது உட்கொள்வது என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

• வீட்டிலும் இரத்த அழுத்தத்தைப் பாருங்கள். ஃபிஸ்துலா உள்ள கையில் அளக்க வேண்டாம். அளவுகளை எழுதி வைத்துத் தாதியிடம் காட்டுங்கள்.

உடனே உதவி நாடுங்கள்

கால் வீக்கமோ வழக்கத்தைவிட வேகமான எடை கூடுதலோ இருந்தால், அடுத்த முறைவரை காத்திராமல் மையத்தைத் தொடர்புகொள்ளுங்கள். நெஞ்சுவலி, மயக்கம், படுத்தால் மூச்சுத்திணறல் ஏற்பட்டால் உடனே 999-ஐ அழையுங்கள்.

வீட்டில் சமைப்பவரிடமும் இத்துண்டறிக்கையைக் கொடுங்கள்.