பல ஸ்விட்சுகள், ஒரே நிர்வாகம்

ஸ்விட்ச் என்றதும் மின்விளக்கு எரியவைக்கும் பொத்தானே பலருக்கு நினைவில் வரும். இங்கே நாம் காணவிருப்பது வேறொன்று. ஒரு கட்டடத்திலுள்ள கணினிகளையெல்லாம் கம்பி வழியே இணைத்து, ஒரு கணினி அனுப்பும் செய்தியை உரிய கணினிக்குக் கொண்டுசேர்க்கும் கருவி அது. அஞ்சலகத்தில் கடிதங்களைத் தெருவாரியாகப் பிரிக்கும் ஊழியரின் பணி அதனுடையது எனலாம்.

ஒரு ஸ்விட்சில் பெரும்பாலும் 24 அல்லது 48 போர்ட்டுகள் இருக்கும். 200 கணினிகளுக்கு 48 போர்ட் ஸ்விட்சுகள் ஐந்து வேண்டும். ஐந்தும் தனித்தனியே இயங்கினால் சிறு மாற்றத்தையும் ஐந்து முறை செய்தாக வேண்டும். ஒன்றில் விட்டுப்போனாலும் குழப்பமே. இத்தொல்லையைப் போக்க வந்ததுதான் ஸ்டாக்கிங் எனப்படும் அடுக்குமுறை.

சிஸ்கோ நிறுவனம் 2003-ஆம் ஆண்டில் வெளியிட்ட கேட்டலிஸ்ட் 3750 வகையைச் சான்றாகக் கொள்வோம். இதில் 9 ஸ்விட்சுகள் வரை ஒன்றுசேர்க்கலாம். ஒவ்வொன்றின் பின்புறமும் தனிக் கம்பிக்கென இரு வாயில்கள் உண்டு. முதலாவதை இரண்டாவதோடும், இரண்டாவதை மூன்றாவதோடும் இவ்வாறே இணைத்து, கடைசியை மீண்டும் முதலாவதோடு சேர்த்தால் ஒரு வளையம் உருவாகிறது. நிர்வகிப்பவர்க்கு அதன்பின் அவை யாவும் ஒரே ஸ்விட்ச், ஒரே ஐ.பி. முகவரி.

பலர் கூடிய இடத்தில் தலைமை ஒன்று வேண்டுமன்றோ? ஒவ்வொரு ஸ்விட்சுக்கும் 1 முதல் 15 வரை முன்னுரிமை எண் தரலாம். அடுக்கு தொடங்கும்போது பெரிய எண் உடையது தலைமை ஏற்கும். எண்ணும் பிற தகுதிகளும் சமமாயின், மேக் முகவரி சிறியதாக உள்ளது தலைமை பெறும். எண் தராமல் விட்டால், எதிர்பாராத ஒரு பழைய கருவி தலைமைக்கு வந்துவிடவும் கூடும். தலைமை பழுதானால் மற்றொன்று பொறுப்பேற்கும். அமைப்பு விவரங்களின் நகல் உறுப்புகள் ஒவ்வொன்றிடமும் இருப்பதே இதற்குக் காரணம். பழுதான ஸ்விட்சில் செருகியிருந்த கணினிகள் மட்டுமே இணைப்பை இழக்கும்.

வளையத்தில் ஒரு கம்பி அறுந்தால் என்னாகும்? செய்தி மறுபுறம் சுற்றிச் செல்லும். அடுக்கினுள் செல்லும் வேகம் பாதியாகக் குறையுமேயன்றி வேலை நிற்காது. ஆபத்தும் இங்கேதான் ஒளிந்திருக்கிறது. வேலை நடப்பதால் முதல் அறுப்பை எவரும் கவனிப்பதில்லை. இன்னோரிடத்திலும் அறுந்தால் அடுக்கு இரண்டாகப் பிளக்கும். பாதிக்கொரு தலைமை எழும். இரண்டும் ஒரே ஐ.பி. முகவரிக்கு உரிமை கொண்டாடும். ஓர் உறையில் இரு வாள் இருக்குமா?

உதவித்தொகை விண்ணப்பமும் தேர்வு முடிவும் இணையவழி நடைபெறும் காலம் இது. வீட்டில் கணினி இல்லாத, முதல் தலைமுறையாகப் படிக்க வந்த மாணவனுக்குக் கடைசி நாளில் இணைப்பு அறுந்தால் ஓராண்டு உதவியே கைநழுவக்கூடும்.

ஆகவே நாளை இத்துறைக்குச் செல்லவிருக்கும் நண்பர்கள் மூன்றை மனத்திற் கொள்வார்களாக. தலைமையை முன்கூட்டியே எண் கொடுத்து நியமியுங்கள். வளையத்தை முழுமையாக மூடுங்கள். எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும் நாளிலும் வளையம் முழுதாக உள்ளதா என்று பாருங்கள். ஒற்றுமை வலிமை தரும். அவ்வொற்றுமையைக் காப்பது விழிப்பே.