குளிரூட்டி மின்தேக்கி

குளிரூட்டி மின்தேக்கி என்பது வீட்டுக் குளிரூட்டிகளில் அமுக்கியையும் விசிறியையும் இயக்கும் ஒருமுனை மின்னோடிகளுடன் இணைக்கப்படும் மாறுமின்னோட்ட மின்தேக்கி ஆகும். உருளை அல்லது நீள்வட்டக் குவளை வடிவில், அலுமினிய அல்லது நெகிழி உறையுடன் இது காணப்படும். கோடைக்காலத்தில் குளிரூட்டி நின்றுபோவதற்கு மிகுதியாகக் காணப்படும் காரணங்களுள் இதன் பழுதும் ஒன்று. சில நூறு ரூபாய் விலையுள்ள இவ்வுறுப்பைத் தவறாகத் தேர்ந்து பொருத்தினால், பல ஆயிரம் ரூபாய் பெறுமதியுள்ள அமுக்கி எரிந்துபோகக் கூடும். ஆகவே சரியான மாற்று மின்தேக்கியைத் தெரிவு செய்யும் முறை அறியத்தக்கது.

பெயர்க் குழப்பம்

தமிழ்நாட்டுக் கடைகளில் மின்தேக்கியைக் 'கண்டன்சர்' என்று கேட்பது நெடுநாள் வழக்கம். மின்விசிறிக்கு வாங்கும் 2.5 மைக்ரோபாரட் மின்தேக்கியையும் மக்கள் இப்பெயராலேயே அறிவர். 'கண்டன்சர்' என்பது மின்தேக்கிக்கு வழங்கிய பழைய ஆங்கிலப் பெயராதலால் இவ்வழக்கைப் பிழை எனக் கூற இயலாது. ஆயினும் குளிரூட்டியைப் பொறுத்தவரை அச்சொல்லுக்கு வேறொரு பொருளும் உண்டு. வீட்டுக்கு வெளியே வைக்கப்படும் பெட்டியில் உள்ள, வெப்பத்தை வெளியேற்றும் செம்பு அல்லது அலுமினியக் குழாய்த் தொகுதிக்கும் அதே பெயர்தான். "கண்டன்சர் போய்விட்டது" என்று பழுது நீக்குபவர் சொன்னால் அவர் எதைக் குறிக்கிறார் என்று கேட்டுத் தெளிவது நல்லது. இரண்டின் விலையும் பெரிதும் வேறுபடும். கடைகளில் 'கெப்பாசிட்டர்' என்று கேட்டால் இக்குழப்பம் இராது.

ஏன் தேவைப்படுகிறது

வீடுகளுக்கு வழங்கப்படும் ஒருமுனை மின்சாரம் 230 வோல்ட்டு, 50 ஏர்ட்சு அளவினது. ஒரு சுருணையில் மட்டும் இம்மின்சாரத்தைச் செலுத்தினால் தோன்றும் காந்தப்புலம் கூடிக் குறையுமே தவிரச் சுழலாது. சுழலாத புலத்தில் நின்றுகொண்டிருக்கும் சுழலி தானாகப் புறப்படாது. இதற்காகத் துணைச்சுருணை ஒன்று சேர்க்கப்பட்டு, அதனுடன் தொடராக மின்தேக்கி இணைக்கப்படுகிறது. மின்தேக்கி துணைச்சுருணையின் மின்னோட்டத்தை முதன்மைச் சுருணையின் மின்னோட்டத்தைவிட ஏறத்தாழக் கால் சுற்று முந்தச் செய்கிறது. இவ்வாறு முன்பின்னாக எழும் இரு புலங்களும் கூடிச் சுழல்புலம் உருவாகிறது. மும்முனை மின்சாரத்தில் சுழல்புலம் இயல்பாகவே கிடைப்பதால் அங்கு இத்தகைய மின்தேக்கி தேவையில்லை.

குளிரூட்டியில் இம்மின்தேக்கி மின்னோடி புறப்பட்ட பின்னரும் இணைப்பிலேயே இருக்கும். எனவே இது 'ஓட்ட மின்தேக்கி' எனப்படும். சில கருவிகளில் கூடுதலாகத் 'தொடக்க மின்தேக்கி' ஒன்றும் இருக்கும். அது ஓரிரு நொடிகளில் இணைப்பிலிருந்து நீக்கப்பட்டுவிடும்.

பழுதின் அறிகுறிகள்

ஓட்ட மின்தேக்கியின் உள்ளே, மெல்லிய உலோகப் பூச்சுடைய பாலிபுரொப்பிலீன் படலம் சுருட்டப்பட்டிருக்கும். படலத்தில் ஓரிடத்தில் துளை விழுந்தால் அதைச் சுற்றியுள்ள பூச்சு ஆவியாகி அவ்விடம் தானே காப்புப் பெறுகிறது. இது தற்சீராக்கம் எனப்படும். ஒவ்வொரு முறை சீராகும்போதும் பூச்சின் பரப்பு சிறிது குறைவதால் மின்தேக்கமும் சிறிது சிறிதாகக் குறைந்துவருகிறது. இதனால் பல மின்தேக்கிகள் வெளித்தோற்றத்தில் குறையின்றி இருந்துகொண்டே பயனற்றுப்போகின்றன. மேல்மூடி உப்பியிருத்தல், எண்ணெய்க் கசிவு, கருகிய முனை ஆகியவை பழுதை ஐயமின்றிக் காட்டும். அவை இல்லை என்பதால் மின்தேக்கி நன்றாக உள்ளது எனக் கொள்ளலாகாது.

அமுக்கிக்கான மின்தேக்கி பழுதுற்றால் வெளிப்பெட்டியில் விசிறி சுழலும், அமுக்கி மட்டும் சில நொடிகள் உறுமிவிட்டு 'டக்' என்ற ஒலியுடன் நின்றுவிடும். சுழலாமல் நிற்கும் மின்னோடி வழக்கத்தைவிடப் பன்மடங்கு மின்னோட்டத்தை இழுப்பதால் மிகைச்சுமைக் காப்பி இணைப்பைத் துண்டிக்கும் ஒலியே அது. சில நிமிடங்களில் காப்பி ஆறியதும் மீண்டும் அதுவே நிகழும். இந்நிலையில் குளிரூட்டியைத் தொடர்ந்து போட்டுப் பார்ப்பது சுருணையின் மின்காப்பைக் கெடுக்கும்.

ஆனால் இதே அறிகுறி தாழ்மின்னழுத்தத்தாலும் தோன்றும் என்பது பலரும் மறந்துவிடும் செய்தி. மின்னோடியின் புறப்பாட்டு முறுக்குவிசை மின்னழுத்தத்தின் இருபடிக்கு நேர்விகிதத்தில் அமையும். 230 வோல்ட்டு 180 ஆகக் குறைந்தால் முறுக்குவிசை ஏறத்தாழ 61 விழுக்காடாகச் சரியும். ஊர் முழுதும் குளிரூட்டிகள் ஓடும் கோடை இரவில், மின்மாற்றியிலிருந்து நெடுந்தொலைவில் உள்ள வீடுகளில் இது நேரக்கூடும். தாழ்வழுத்த வழங்கலில் 6 விழுக்காடு வரை, அதாவது சற்றேறக்குறைய 216 முதல் 244 வோல்ட்டு வரை, ஏற்ற இறக்கம் விதிப்படி ஏற்கத்தக்கது. அமுக்கி புறப்பட முயலும் அந்நொடியில் மின்னழுத்தம் எவ்வளவு என்று பார்க்காமல் மின்தேக்கியை மாற்றுவது வீண்செலவாகலாம்.

கழற்றுதலும் அளத்தலும்

மின்சாரத்தை நிறுத்திய பின்னரும் மின்தேக்கியில் மின்னேற்றம் தங்கியிருக்கும். 230 வோல்ட்டின் உச்ச மதிப்பு ஏறத்தாழ 325 வோல்ட்டு. அவ்வழுத்தத்தில் 50 மைக்ரோபாரட் மின்தேக்கி 2.6 யூல் ஆற்றலைத் தேக்கிவைத்திருக்கும். ஓடும்போது துணைச்சுருணையில் எழும் எதிர் மின்னியக்கு விசையால் மின்தேக்கியின் முனைகளில் வழங்கல் அழுத்தத்தைவிட மிகுதியான அழுத்தம் நிலவுவதால், எஞ்சும் ஆற்றல் இதனினும் கூடுதலாகவும் இருக்கலாம். ஏணியில் நின்று வேலை செய்பவர் இவ்வதிர்ச்சியால் நிலைகுலைந்து விழுந்தால், அதிர்ச்சியைவிட விழுதலே பெரும் தீங்காக முடியும்.

எனவே முதலில் குளிரூட்டிக்கான மின்முறிப்பானை நிறுத்த வேண்டும். கருவியின் நிறுத்துவிசை மட்டும் போதாது. பின்னர் 20 கிலோ ஓம், 5 வாட்டு மின்தடை ஒன்றைக் காப்பிட்ட கம்பிகளுடன் முனைகளுக்கிடையே சில நொடிகள் வைத்து மின்னிறக்கம் செய்து, அளவியால் சுழியம் எனச் சரிபார்க்க வேண்டும். திருப்புளியால் குறுக்கிட்டுப் பொறி பறக்கச் செய்வது பரவலான வழக்கமாயினும், அது முனைகளையும் உட்படலத்தையும் கெடுக்கும், கண்ணுக்கும் ஆபத்தானது. கம்பிகளைக் கழற்றுமுன் அவற்றின் இடங்களை ஒளிப்படம் எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

மின்தேக்கம் அளக்கும் வசதியுள்ள பல்நோக்கு அளவியில் இரு கம்பிகளையும் கழற்றிய பின் அளக்க வேண்டும். 36 மைக்ரோபாரட், ஏற்கத்தகு வேறுபாடு 5 விழுக்காடு என்று குறிக்கப்பட்டிருந்தால் 34.2 முதல் 37.8 வரை சரியான அளவாகும். 30க்குக் கீழே காட்டினால் மாற்றுவதில் தயக்கம் வேண்டாம்.

அத்தகைய அளவி இல்லாத பயிற்சி பெற்ற பணியாளர், ஓடும் கருவியில் துணைச்சுருணையின் மின்னோட்டத்தையும் மின்தேக்கியின் முனையழுத்தத்தையும் அளந்து கணக்கிடுவதுண்டு. 50 ஏர்ட்சில், ஆம்பியர் அளவை 3183ஆல் பெருக்கி வோல்ட்டால் வகுத்தால் மைக்ரோபாரட் கிடைக்கும். 4 ஆம்பியர், 350 வோல்ட்டு எனில் 36.4 மைக்ரோபாரட். அமெரிக்க நூல்களில் 3183க்கு மாறாக 2650 அளவில் ஓர் எண் காணப்படும். அது 60 ஏர்ட்சுக்கு உரியது. அதை இங்குப் பயன்படுத்தினால் நல்ல மின்தேக்கியும் கெட்டதாகத் தோன்றும்.

மாற்றைத் தெரிவு செய்தல்

முதலில் ஒத்துப்போக வேண்டியது மைக்ரோபாரட் மதிப்பு. இது உறையின் மீதும் வெளிப்பெட்டியின் உட்புற மின்சுற்று வரைபடத்திலும் எழுதப்பட்டிருக்கும். முன்னரே யாரேனும் தவறான மின்தேக்கியைப் பொருத்தியிருக்கக் கூடுமாதலால், இரண்டும் முரண்பட்டால் வரைபடத்தையே நம்ப வேண்டும். உறையில் கிரேக்க 'மியூ' எழுத்துடனோ, 'எம்.எஃப்.டி.' என்றோ குறித்திருப்பர், இரண்டும் ஒன்றே. வீட்டுக் குளிரூட்டிகளின் அமுக்கிகளுக்குப் பெரும்பாலும் 25 முதல் 60 வரையும், விசிறிகளுக்கு ஒற்றை இலக்கத்திலும் இம்மதிப்பு அமையும்.

"சற்றுப் பெரிதாகப் போட்டால் அமுக்கிக்கு வலு கூடும்" என்னும் நம்பிக்கை பரவலாக உள்ளது. 36க்குப் பதிலாக 50 போட்டால் புறப்பாடு எளிதாவது உண்மையே. அதனால்தான் இந்நம்பிக்கை நிலைத்திருக்கிறது. ஆனால் அம்மின்தேக்கி புறப்பாட்டுக்குப் பின்னும் இணைப்பிலேயே இருப்பதால், துணைச்சுருணையில் மணிக்கணக்கில் மிகை மின்னோட்டம் பாய்ந்து வெப்பத்தை உண்டாக்குகிறது. பழுது அன்றே தெரியாமல் சில மாதங்கள் கழித்துத் தெரிவதால், பழி மின்தேக்கியின் மேல் விழுவதில்லை. குறைவான மதிப்பைப் பொருத்தினால் முறுக்குவிசை குறைந்து மின்னோடி திணறும்.

குறித்த மதிப்பு கிடைக்காதபோது இரண்டைப் பக்க இணைப்பில் சேர்க்கலாம், மதிப்புகள் கூடும். 25உம் 10உம் சேர்ந்து 35 ஆகும். 36க்கு அது ஏற்ற மாற்று. தொடரிணைப்பில் மதிப்பு குறைந்துவிடும்.

மின்னழுத்தக் குறியீடு பழையதற்குச் சமமாகவோ மிகுதியாகவோ இருக்க வேண்டும். 370 வோல்ட்டு இருந்த இடத்தில் 440 வோல்ட்டு பொருத்தலாம். இதனால் மின்னோடியில் எம்மாற்றமும் இல்லை, உறை சற்றுப் பெரிதாக இருக்கக்கூடும். வீட்டில் 230 வோல்ட்டுதானே என்று 250 வோல்ட்டு மின்தேக்கியைப் பொருத்துவது, மேலே கூறிய எதிர் மின்னியக்கு விசையைக் கணக்கில் கொள்ளாத பிழையாகும்.

கடையில் எவரும் கேட்காத, ஆனால் கேட்க வேண்டிய ஒன்று வாழ்நாள் வகுப்பு. ஐ.ஈ.சி. 60252 என்னும் பன்னாட்டுத் தரநிலை, ஓட்ட மின்தேக்கிகளை ஏ, பி, சி, டி என வகுத்து, முறையே 30,000, 10,000, 3,000, 1,000 மணிநேர எதிர்பார்ப்பு வாழ்நாளைக் குறிக்கிறது. நாளொன்றுக்கு 8 மணிநேரமாக ஆண்டுக்கு 150 நாட்கள் ஓடும் குளிரூட்டி 1,200 மணிநேரத்தைச் செலவிடும். அதற்கு 'டி' வகுப்பு ஒரு கோடையைக்கூடத் தாண்டாது. 'பி' வகுப்பு எட்டு ஆண்டுகள் வரை உழைக்கலாம். ஒரே மின்தேக்கியில் 400 வோல்ட்டுக்குப் 'பி' என்றும் 450 வோல்ட்டுக்குச் 'சி' என்றும் இரட்டைக் குறிப்பு இருப்பதும் உண்டு. அழுத்தம் கூடினால் ஆயுள் குறையும் என்பதே அதன் பொருள். அதனருகே 25/70/21 என்பது போல் அச்சிட்டிருப்பின், நடுவில் உள்ள எண் தாங்கும் உச்ச வெப்பநிலையைச் செல்சியசு பாகையில் குறிக்கும். வெயிலில் நிற்கும் வெளிப்பெட்டிக்கு 70, இயன்றால் 85, தேவை. உட்பழுதின்போது வெடிக்காமல் தானே துண்டித்துக்கொள்ளும் காப்புடையவை பி2 எனக் குறிக்கப்படும். இந்தியத் தரநிலை ஐ.எஸ். 2993 ஆகும்.

தொடக்க மின்தேக்கியை ஓட்ட மின்தேக்கியின் இடத்தில் ஒருபோதும் பொருத்தலாகாது. கரிய நெகிழி உறையும், 100–150 என வீச்சாகக் குறிக்கப்பட்ட மதிப்பும் அதன் அடையாளம். மின்பகுளி வகையைச் சேர்ந்த அது தொடர்ந்து இணைப்பில் இருந்தால் சூடேறி வெடிக்கும்.

சன்னல் வகைக் குளிரூட்டிகளில் அமுக்கிக்கும் விசிறிக்கும் ஒரே குவளையில் அமைந்த இரட்டை மின்தேக்கி காணப்படும். அதன் மூன்று முனைகளில் 'சி' பொது முனை, 'ஹெர்ம்' அமுக்கிக்கு, 'ஃபேன்' விசிறிக்கு. இது கிடைக்காவிடில் இரு தனி மின்தேக்கிகளைப் பொருத்தி, ஒவ்வொன்றிலும் ஒரு முனையைப் பொதுக்கம்பியுடன் இணைத்தால் போதும்.

சிற்றூர்களில் கிடைக்குமிடம்

பெருநகரில் இது ஒரு சிக்கலே அன்று. சென்னையில் ரிச்சி தெருவும் பாரிமுனைப் பகுதி மின்பொருள் கடைகளும் உள்ளன. திருத்தணியை அடுத்து, ஆந்திர எல்லையருகே அமைந்த பொதட்டூர்பேட்டை போன்ற பேரூர்களில் நிலைமை வேறு. திருவள்ளூர் மாவட்டம் பள்ளிப்பட்டு வட்டத்தைச் சேர்ந்த இவ்வூரின் முதன்மைத் தொழில் நெசவு. சுற்றுப்புறம் வேளாண்மை சார்ந்தது. குறித்த நிறுவனத்தின் உதிரிப்பாகத்தையே தேடுபவர் திருத்தணிக்கோ சென்னைக்கோ அலைய நேரும், கோடையில் நாட்கணக்கில் காத்திருக்கவும் நேரும்.

உண்மையில் அமுக்கியின் மின்தேக்கி எந்த நிறுவனத்துக்கும் தனியுரிமையான பொருள் அன்று. ஆழ்துளைக் கிணற்றின் ஒருமுனை நீர்மூழ்கி இறைப்பிகளின் இயக்குப் பெட்டியிலும் 36, 50 மைக்ரோபாரட், 440 வோல்ட்டு ஓட்ட மின்தேக்கிகளே வழக்கமாகப் பயன்படுகின்றன. ஆதலால் மோட்டார் காயில் கட்டும் கடைகளிலும், பம்பு செட்டு உதிரிப்பாகக் கடைகளிலும் இவை கிடைக்க வாய்ப்பு மிகுதி. அதே இயக்குப் பெட்டியில் தொடக்க மின்தேக்கியும் இருப்பதால், வாங்கும்போது 'ரன்' எனக் குறிப்பிட்டுக் கேட்க வேண்டும். தறிக்கூடங்களில் மின்திறன் காரணியை உயர்த்தப் பயன்படும், கிலோவார் அளவில் குறிக்கப்பட்ட மின்தேக்கிகள் வேறு பணிக்கு உரியவை; இவற்றை மாற்றாகக் கொள்ளக்கூடாது. இந்தியாவில் இவற்றை உற்பத்தி செய்வோருள் கேரள அரசுத் துறையைச் சார்ந்த, கண்ணூரில் இயங்கும் கெல்ட்ரான் உறுப்புத் தொழிற்சாலையும் ஒன்று.

விசிறி மின்தேக்கியிலும் இவ்வாறே. கூரை மின்விசிறிக்கான 2.5 மைக்ரோபாரட் மின்தேக்கி எந்த மின்பொருள் கடையிலும் கிடைக்கும். குளிரூட்டியின் விசிறிக்கு 2.5 என்றே குறித்திருந்தாலும், அழுத்தக் குறியீடும் வெப்பத்தாங்கு அளவும் ஒத்திருந்தாலன்றி அதைப் பொருத்தலாகாது.

பொருத்திய பின்

குவளை ஆடாதவாறு பட்டையால் இறுக்கி, மேல்மூடி உப்புவதற்குச் சிறிது இடம் விட வேண்டும். துண்டிப்புக் காப்பு செயல்பட அவ்விடைவெளி இன்றியமையாதது. அமுக்கி ஓடத் தொடங்கியதும் மின்னோட்டத்தைப் பெயர்த்தகட்டிலுள்ள அளவுடன் ஒப்பிட வேண்டும். நிறுத்தினால் மூன்று நிமிடமாவது கழித்தே மீண்டும் இயக்குவது முறை. புதிய மின்தேக்கியுடனும் அமுக்கி உறுமி நின்றால் பழுது சுருணையிலோ இயந்திரப் பகுதியிலோ உள்ளது. மேலும் பெரிய மின்தேக்கியைத் தேடுவதில் பயனில்லை.

இன்வெர்ட்டர் குளிரூட்டிகள்

மேற்கூறியவை நிலைவேக அமுக்கியுள்ள கருவிகளுக்கே பொருந்தும். இன்வெர்ட்டர் வகையில் மின்னணுச் சுற்றே மும்முனை மின்சாரத்தை உருவாக்கி அமுக்கியை இயக்குவதால், அமுக்கிக்கு ஓட்ட மின்தேக்கி கிடையாது. மின்சுற்றுப் பலகையின் மேல் பற்றவைக்கப்பட்டுள்ள பெரிய மின்பகுளி மின்தேக்கிகள் நேர்மின்னோட்டத்துக்கு உரியவை. மின்சாரம் நின்ற பின்னும் 300 வோல்ட்டுக்கு மேல் தேக்கிவைத்திருக்கக் கூடியவை. அவற்றைக் கழற்றி மாற்றுவது மின்னணுப் பணியில் பயிற்சி பெற்றோர் செய்ய வேண்டிய வேலை. வெளிப்பெட்டியின் விசிறி பழைய மாறுமின்னோட்ட வகையாக இருக்கும் சில கருவிகளில் மட்டும், அவ்விசிறிக்கென ஒரு சிறு ஓட்ட மின்தேக்கி காணப்படும்.