முதுகெலும்பில் டிபி: கால் மரத்துப்போகும் முன்

எந்த வலி வேறு?

புளியஞ்சோலையிலிருந்து கொல்லிமலைக்குச் சுமையோடு ஏறி இறங்குகிறவர்களுக்கு முதுகுவலி புதிதல்ல. எண்ணெய் தேய்த்து இரண்டு நாள் படுத்தால் பெரும்பாலும் போய்விடும். வாரக்கணக்கில் விடாமல், இரவில் புரளும்போது உயிரை எடுக்கும் வலியை அப்படி விடக்கூடாது. அதோடு மாலைக் காய்ச்சலும் உடல் மெலிவும் சேர்ந்தால், முதுகெலும்பில் கிருமி தங்கியிருக்கலாம். நம் நாட்டில் பெரும்பாலும் அது டிபி. இருமல் இல்லாமலும் இது வரும் என்பதால், டிபி என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

நரம்பு நசுங்கினால்

அரித்த எலும்பும் தேங்கிய சீழும் தண்டுவடத்தை அழுத்தும். செருப்பு கழன்றதே தெரியாமல் நடப்பது, சமதரையில் தடுமாறுவது, கால் விறைப்பது, சிறுநீர் அடைப்பது: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றைக்கே கிளம்புங்கள். துறையூர் அரசு மருத்துவமனையில் காட்டி, திருச்சி மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனைக்குப் போகலாம். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் அழுத்தத்தைக் காட்டும். ஊசியால் எடுத்த திசு கிருமியைச் சொல்லும். இந்த நிலையில் முதுகை நீவவோ மிதிக்கவோ யாரையும் விடாதீர்கள்.

சென்னை காட்டிய வழி

ஒருகாலத்தில் இந்த நோயாளிகளை மாதக்கணக்கில் மாவுக்கட்டுப் போட்டுப் படுக்க வைத்தார்கள். சென்னை காசநோய் ஆராய்ச்சி மையம், கால் செயலிழக்காத நோயாளிகளிடம் ஓர் ஆய்வு நடத்தியது. ஒரு பிரிவினருக்கு அறுவை சிகிச்சையும் மருந்தும். மற்றவர்கள் நடமாடிக்கொண்டே மருந்து மட்டும் சாப்பிட்டார்கள். 1999இல் வெளியான 10 ஆண்டு முடிவில், மருந்து மட்டும் எடுத்தவர்கள் சற்றும் பின்தங்கவில்லை. சீக்கிரம் வந்தால் பலருக்குக் கத்தியே வேண்டாம் என்பதற்கு நம் ஊரிலேயே கிடைத்த சான்று இது. கால் பலவீனம் கூடிக்கொண்டே போனாலோ, எலும்பு நிலைகுலைந்தாலோ அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது.

மருந்தும் குழந்தைகளும்

மாத்திரை அரசு மருத்துவமனையில் இலவசம். சத்துணவுக்கு மாதம் 1,000 ரூபாயும் உண்டு. மாத்திரையைக் குறைந்தது 12 மாதம் சாப்பிட வேண்டும். இரண்டு மூன்று மாதத்தில் வலி குறைந்ததும் நிறுத்திவிடுவதுதான் பெரிய ஆபத்து.

குழந்தைகளுக்கு நோய் ஆறிய பிறகும் வளர வளரக் கூன் கூடலாம். யாருக்குக் கூடும் என்பதை எக்ஸ்ரேயிலேயே முன்கூட்டிக் காணும் அடையாளங்களைக் கோவை கங்கா மருத்துவமனையின் டாக்டர் எஸ். ராஜசேகரன் வகுத்திருக்கிறார். ஆகவே மருந்து முடிந்தாலும், வளர்ச்சி நிற்கும்வரை குழந்தையை மருத்துவரிடம் காட்டிக்கொண்டே இருங்கள்.