மோட்டார்ச் சக்கரத்திற்கு நிலைத்த வர்ணம்

வெளி மாநிலங்களில் குடியேறிய நம்மவருள் பலர், விடுமுறை வந்ததும் சொந்தக் காரிலேயே குடும்பத்துடன் ஊருக்குப் புறப்படுகின்றனர். புறப்படுமுன் வண்டியைக் கழுவும்போதுதான், சக்கரங்களின் பூச்சு உரிந்து வெண்பொடி படிந்திருப்பது கண்ணில் படுகிறது. ஒரு டப்பா வர்ணம் வாங்கி மாலைக்குள் தெளித்துவிடலாம் என்று தோன்றும். அவ்வாறு தெளித்த வர்ணம் பெரும்பாலும் அடுத்த மழைக்காலத்தைத் தாங்குவதில்லை. அதன் காரணத்தையும், நிலைத்து நிற்கும் பூச்சு எது என்பதையும் இங்கு ஆராய்வோம்.

அலாய் சக்கரம் எனப்படுவது பெரும்பாலும் அலுமினியமே. அதனுடன் 100க்கு ஏறத்தாழ 7 பங்கு சிலிக்கனும், சிறிதளவு மக்னீசியமும் கலந்திருப்பது வழக்கம். காற்றுப் பட்டவுடன் அலுமினியத்தின்மீது மெல்லிய ஆக்சைடுப் படலம் உண்டாகிறது. அது உலோகத்திற்குக் கவசம். ஆனால் வழுவழுப்பான அப்பரப்பில் வர்ணம் உறுதியாகப் பற்றுவதில்லை. கடற்காற்றின் உப்போ இக்கவசத்தையும் துளைக்கவல்லது. பூச்சில் சிறு கீறல் விழுந்தாலும் உப்புநீர் உட்புகுந்து, புழு ஊர்ந்த தடம்போல அடியிலேயே அரித்துச் செல்லும். ஆகவே மும்பையிலும் விசாகப்பட்டினத்திலும் வாழ்வோர், நாகபுரியில் வாழ்வோரைவிடக் கூடுதல் கவனம் கொள்ளுதல் வேண்டும்.

முதல் வேலை வர்ணமன்று, தூய்மையே. சக்கரத்தைக் கழற்றிச் சோப்பு நீரால் கழுவி, எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, 180 எண் உப்புத்தாளால் வெண்பொடி முற்றும் நீங்கத் தேய்க்க வேண்டும். பின்னர் 400 எண் தாளால் பரப்பைச் சமன் செய்து, அன்றே அலுமினியத்திற்கென விற்கும் பிரைமரைப் பூச வேண்டும். இரும்புக்கு அடிக்கும் சாதாரணச் செந்நிறப் பூச்சு இதற்குப் பொருந்தாது.

இனி மேற்பூச்சு. சிலர், பிரேக்கின் சூட்டை எண்ணி, வெப்பம் தாங்கும் சிலிக்கோன் வர்ணத்தைத் தேடுகின்றனர். அது முழுமையாக இறுகுவதற்கே ஏறத்தாழ 200 டிகிரி சூடு தேவை. சக்கரம் சாதாரணமாக அவ்வளவு சூடாவதில்லை. ஆதலின் அது மென்மையாகவே இருந்து, பெட்ரோல் பட்டால் கரைந்துவிடும். அக்ரிலிக் டப்பா வர்ணம் எளிது. எனினும் கல் தெறித்தால் பெயரும். இரு பகுதிகளைக் கலந்து அடிக்கும் பாலியூரித்தேன் பூச்சு இரசாயன மாற்றத்தால் இறுகுவதால் மிக உறுதியானது. ஆனால் அதிலுள்ள ஐசோசயனேட் என்னும் பொருளை மூச்சில் இழுத்தால் ஆஸ்துமா நோய் உண்டாகும். துணி முகமூடி அதைத் தடுக்காது. குழந்தைகள் ஓடியாடும் அடுக்குமாடி வீட்டின் பால்கனியில் அதைத் தெளிப்பது தகாது.

எனவே நாம் கூறும் வழி இது. உள்நாட்டு நகரங்களில் வாழ்வோர், பிரைமரின்மேல் அக்ரிலிக் சக்கர வர்ணத்தை மூன்று மெல்லிய பூச்சாகவும், அதன்மேல் நிறமற்ற பூச்சை இரு முறையும் திறந்தவெளியில் அடித்துக்கொள்ளலாம். கீறல்களை அவ்வப்போது செப்பனிட வேண்டும். கடற்கரை நகரத்தார், பாலியூரித்தேனையோ, சுமார் 200 டிகிரியில் சுட்டெடுக்கும் பவுடர் பூச்சையோ பட்டறையில் போட்டுக்கொள்வதே சிக்கனம். மழை ஈரம் மிகுந்த நாளில் எப்பூச்சும் வேண்டா.

எல்லாவற்றினும் முக்கியமான ஒன்றுண்டு. சக்கரம் அச்சுத் தட்டோடு சேரும் பின்முகத்திலும், நட்டுகள் அமரும் குழிகளிலும் வர்ணம் படவே கூடாது. இறுக்கத்தில் அவ்வர்ணம் நசுங்கித் தேய, நட்டுகள் தளர்ந்து, ஓடும் வண்டியிலிருந்து சக்கரமே கழன்றுவிடக்கூடும். அவ்விடங்களைக் காகிதத்தால் மூடிக்கொள்க. மீண்டும் பூட்டியபின், வண்டியின் கையேடு கூறும் அளவுக்கு முறுக்கி, 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி சரிபார்க்க. தேய்க்கும்போது வெடிப்புக் கண்டால் அதை வர்ணத்தால் மறைக்கற்க, அச்சக்கரத்தைக் கழித்துவிடுக. சக்கரம் பளபளப்பது நன்று. குடும்பம் நலமே ஊர் சேர்வது அதனினும் நன்று.